மாசி மாசம் பொறவாசல் வேலை, இப்ப என்ன விதைக்கலாம்?

பாளை மைனி:
எல்லாருக்கும் வணக்கம். மாசி பிறந்தாலே எனக்கு வீட்டு வேலை மேல தனிப் பிரியம் வந்துருது. காலைல பனி விட்டபாடில்ல, வெயிலும் ஏறல, வாசல் தெளிச்சி கோலம் போட்டுட்டு அப்படியே வாரியலை எடுத்துக்கிட்டு பொறவாசலுக்குப் போனா வேம்பு பூராவும் பழுத்த இலையா உதுத்துருக்கும், அதைத் தூத்து ஓரமா குமிக்கதுக்குள்ள மனசு லேசாயிரும். மாமரத்துல பூ, குயிலும் கத்த ஆரம்பிச்சிட்டு. மத்தியானம் தார்சால உக்காந்து புளி கொட்டை எடுக்கேன். கடைல கொட்டை எடுத்த புளியே கிடைக்கும்லா, ஏன் கெடந்து கஷ்டப்படுதியன்னு மக கேக்கா. எனக்கு இதுல கஷ்டமே தெரியல.

கிணத்தடில கொஞ்சம் எடம் சும்மா கெடக்கு. பங்குனி சித்திரை வெயிலுக்குத் தாங்குற மாதிரி என்ன போடலாம்? வேப்பஞ்சருகை எரிக்க மனசில்ல, என்ன செய்யலாம்? புளியை நீங்கல்லாம் எதுல போட்டு வைக்கிய?

அம்பைக்காரன்:
மைனி, வெண்டையும் சீனியவரையும் (கொத்தவரை) போடுங்க, ரெண்டுமே வெயிலுக்கு அசராது. வெண்டை விதையை ராத்திரி ஊறப்போட்டு காலைல ஒரு அடி தள்ளித் தள்ளி ஊணுங்க, 45 நாளைக்கு மேல காய் பறிக்கலாம், அதுவும் பிஞ்சா பறிக்கணும், முத்த விட்டா செடி அடுத்த காய்க்கு மெனக்கெடாது. சருகை எரிக்கவே எரிக்காதிய. செடியைச் சுத்தி மூடாக்கா பரப்புங்க, தண்டுல ஒட்டாம கொஞ்சம் எடம் விட்டு. ஈரம் சீக்கிரம் காயாது, மழை வந்தா மக்கி உரமாயிரும். எங்க பக்கம் பிசான நெல்லு அறுப்பு முடிஞ்சதும் வைக்கோலையும் இப்படித்தான் போடுதோம். சாயங்காலம் செடிக்குத் தண்ணி விட்டுட்டு அந்த மண்ணு வாசத்துலயே கொஞ்ச நேரம் நிப்பேன், வீட்டுல கூப்பிட்டாலும் காதுல விழாது.

திசையன்விளை தேரி:
அண்ணாச்சி சொல்லுதது ஆத்துப்பாசனக்காரங்களுக்குச் சரி. எங்களுக்குத் தேரிமண்ணு, செம்மணலு, ஊத்துன தண்ணி நிக்காது. சாயங்காலத்தை விட விடியக்காலைல விடுங்க, வெயிலுக்கு முன்னாடி வேர் குடிச்சிக்கிடும். மண்கலயத்து அடில சின்ன ஓட்டை போட்டு, துணித்திரி சொருவி, கழுத்து வரைக்கும் செடி பக்கத்துல பொதைச்சி தண்ணி நிரப்பி மூடிருங்க, கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சி வேருக்கே போவும். அரிசி களைஞ்ச தண்ணியக்கூட நாங்க அங்கணத்துல விடுததில்ல, கறிவேப்பிலைக்குத்தான்.

கல்லிடை பையன்:
அக்கா, புளிக்கு ஆச்சி வழிதான். கோது, நார், கொட்டை எல்லாம் நீக்கிட்டு நல்லா வெயில்ல காயவச்சி, பரணி ஜாடில ஒரு அடுக்கு புளி, ஒரு அடுக்கு கல்லுப்புன்னு அமுக்கிப் போடுவாவ. அலுமினியம், செம்புன்னு எதுலயும் போட்டு வைக்காதிய, புளிப்பு பாத்திரத்தை அரிச்சிரும். ஈரக்கை படவே கூடாது. பங்குனில வேப்பம்பூ உதிரும்போது மரத்தடில பழைய வேட்டியை விரிச்சி வைங்க, மண்ணு ஒட்டாம வரும், காயவச்சா வருசம் பூரா ரசத்துக்கு ஆவும். நான் இப்ப மெட்ராஸ்ல மூணாவது மாடில கெடக்கேன், தொட்டில வெண்டை வச்சிருக்கேன், மரம்தான் இல்ல.

பாளை மைனி:
ரொம்ப சந்தோசம். காருகுறிச்சிக்குப் போற ஆள்ட்ட ரெண்டு கலயம் சொல்லிருக்கேன், வெண்டை விதை இன்னிக்கு ராத்திரியே ஊறுது. தம்பி, வேப்பம்பூ காஞ்சதும் மெட்ராஸ் வாரவங்க கைல குடுத்து விடுதேன். தேரி அண்ணாச்சி, கலயத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருக்க தண்ணி நிரப்பணும்?