ஆயா ‘ஹாரி கதை’ என்று அழைத்த அந்தப் போலீஸ் தொடர் எது?

சாட்ஸ்வொர்த் பேரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகளாகத் தீர்ப்பு வராமல் கிடக்கும் ஒரு வழக்கை இங்கே கொண்டுவருகிறேன். என்னைவிட மூத்தவர்கள் யாராவது தீர்த்து வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாங்கள் அப்போது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்குப் பொதுவான வீடுகளுள் ஒன்றில் குடியிருந்தோம். தாத்தா, ஆயா, அப்பா, அம்மா, திருமணமாகாத சித்தப்பா, நாங்கள் மூன்று பிள்ளைகள் என எட்டுப் பேருக்கு ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. அதில் ஒரு போலீஸ் தொடர் வந்துகொண்டிருந்தது. நாயகன் நெட்டையானவர், ஐம்பதைத் தாண்டியவர். கண்களுக்குக் கீழே சதை பைபோலத் தொங்கும். குரலை உயர்த்தவே மாட்டார். கூடவே இளையவர் ஒருவர் வருவார். எல்லோரும் டச்சு வழிவந்த நம் நாட்டு மொழியான ஆஃப்ரிகான்ஸ் பேசினார்கள், ஆனால் தெருக்களையும் கார்களையும் பார்த்தால் அது நம் நாட்டு ஊராகத் தெரியவில்லை.

ஆயாவுக்கு ஆஃப்ரிகான்ஸ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆங்கிலமும் கடைக்குப் போய்வரும் அளவுதான். அந்தத் தொடரில் அவர் காதுக்குப் பிடிபட்ட ஒரே சொல் ‘ஹாரி’. எனவே எங்கள் வீட்டில் அது ‘ஹாரி கதை’ ஆயிற்று. விளக்கேற்றி முடித்து, எனாமல் பேசினை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக் கத்ரா பீன்ஸ் உரித்தபடியே, “இரு, இப்போ அந்தப் பெரியவன் மெதுவா ஒண்ணு கேப்பான், அந்தப் பொம்பளை முழிப்பா” என்பார். அவள் முழிப்பாள். மொழி தெரிந்த எங்களைவிட ஆயாதான் கொலையாளியை முதலில் கண்டுபிடித்தார்.

வழக்கு இனிமேல்தான். அந்நாளில் சில நிகழ்ச்சிகளின் அசல் ஒலியை வானொலியில் கேட்கலாம் என்று அறிவிப்பு வரும். சித்தப்பா வானொலியைத் தொலைக்காட்சியின் தலைமேல் ஏற்றிவைத்து, தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் குறைத்துவிடுவார். மற்றத் தொடர்களுக்கு நல்ல ஆங்கிலம் வந்தது. ஹாரி கதைக்கு மட்டும் ஆங்கிலமும் இல்லாமல் ஆஃப்ரிகான்ஸும் இல்லாமல், தொண்டையில் முள் சிக்கியவர் பேசுவதுபோல ஏதோ வந்தது. வானொலி கெட்டுவிட்டது என்று முடிவு செய்த சித்தப்பா, தாத்தாவிடம் பணம் வாங்கிக்கொண்டு அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார். இரண்டு வாரம் கழித்து வானொலி திரும்பி வந்தது. அதே தொண்டை முள்ளோடு வந்தது. பழுதுபார்ப்பவர் ஏமாற்றிவிட்டார் என்று சித்தப்பா இன்றுவரை சொல்கிறார். அலைவரிசையைச் சரியாகத் திருப்பத் தெரியாதவர் சித்தப்பாதான் என்பது அப்பாவின் கட்சி. எனக்கு அப்போது ஆறு வயது. 1978 ஆக இருக்கும்.

அது என்ன தொடர்? வானொலி என்ன மொழி பேசியது? உங்கள் வீடுகளிலும் தொலைக்காட்சிப் பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் இருந்தார்களா?

மேரிட்ஸ்பர்க்காரர்:

தம்பி, உங்கள் வானொலியில் எந்தக் கோளாறும் இல்லை. அது ஜெர்மன் பேசியது.

நீங்கள் சொல்வது ‘டெரிக்’ என்ற மேற்கு ஜெர்மானியத் தொடர். மியூனிக் நகரக் காவல்துறை அதிகாரி ஸ்டெஃபான் டெரிக்காக ஹோர்ஸ்ட் டாப்பர்ட் நடித்தார்; கண்ணுக்குக் கீழே பை என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடனே எனக்கு அவர் முகம்தான் எதிரில் வந்து நின்றது. உங்கள் ஆயாவின் ஹாரி, டெரிக்கின் உதவியாளர் ஹாரி கிளைன். நடித்தவர் ஃபிரிட்ஸ் வெப்பர். 1974 முதல் 1998 வரை 281 பகுதிகள் வந்தன. அத்தனையையும் எழுதியவர் ஒருவரே, ஹெர்பெர்ட் ரைனெக்கர். தொடக்க காலக் கதைகள் பலவற்றில் கொலையாளி யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். அவர் எப்படி வாய்தவறி மாட்டிக்கொள்கிறார் என்பதே மீதிக் கதை. ஆகவே ஆயா கொலையாளியைக் கண்டுபிடித்ததில் எழுத்தாளருக்கும் சிறிது பங்கு உண்டு என்பதை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏற்பாட்டின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் நமக்கு இருந்தது ஒரே அலைவரிசை. அதன் நேரத்தை ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் பங்குபோட்டுக்கொண்டன. ஆஃப்ரிகான்ஸ் பங்கை நிரப்ப வெளிநாட்டுத் தொடர்களுக்குக் குரல் மாற்றினார்கள். நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் பிரித்தானிய நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இங்கே விற்கக்கூடாது என்று தடை விதித்ததால், அமெரிக்காவையும் ஜெர்மனியையும் கூடுதலாக நம்ப வேண்டியதாயிற்று. ‘மயாமி வைஸ்’ இங்கே ‘மிஸ்டாட் இன் மயாமி’ ஆனது. ஆறு மில்லியன் டாலர் மனிதர் ஸ்டீவ் ஆஸ்டின் எஃகு மனிதராகி ஆஃப்ரிகான்ஸில் பேசினார். பிறகு அசல் ஒலியை ரேடியோ 2000 என்னும் பண்பலையில் அதே நேரத்தில் ஒலிபரப்பினார்கள். அமெரிக்கத் தொடரின் அசல் ஆங்கிலம், டெரிக்கின் அசல் ஜெர்மன். உங்கள் சித்தப்பா ஆங்கிலத்தை எதிர்பார்த்து, அலைவரிசையை மிகச் சரியாகவே திருப்பியிருக்கிறார். பழுதுபார்ப்பவரிடம் யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தமிழாசிரியை, ஃபீனிக்ஸ்:

மேரிட்ஸ்பர்க் ஐயா சொன்ன விடை சரியானது. ஆனால் கேட்டவரின் ஆண்டுக் கணக்கைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை. ரேடியோ 2000 தொடங்கியது 1986இல். 1978இல் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்த நீங்கள், சித்தப்பா வானொலியைத் தூக்கிக்கொண்டு போனபோது குறைந்தது பதினான்கு வயதுப் பையன். அந்த வயதில் ஆயாவுக்கு முன்பாகக் கொலையாளியைக் கண்டுபிடிக்காமல் போனது உங்கள் பிழைதான்.

நினைவு இப்படிச் சரிந்து விழுவதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நம் நாட்டில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5ஆம் நாள். மனிதன் நிலவில் கால் வைத்த 1969இல்கூட நம்மிடம் தொலைக்காட்சி இல்லை. 1968 வரை அஞ்சல் தந்தி அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் அதைப் பிசாசின் பெட்டி என்று சொல்லி வெளியே நிறுத்தி வைத்திருந்தார். அவ்வளவு காலம் காத்திருந்து வந்ததால், முதல் சில ஆண்டுகளில் பார்த்ததெல்லாம் நம் தலைமுறையின் மனத்தில் அடியில் படிந்துவிட்டது. பின்னால் பார்த்தவற்றையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறோம்.

ஆறு வயதில் நீங்கள் உண்மையில் பார்த்தது ‘ஹாஸ் தாஸ் ஸெ நியூஸ்காஸ்’ ஆக இருக்கும். கழுத்தில் டை கட்டிய முயல் பொம்மை ஒன்று விலங்குகளின் நாட்டுச் செய்திகளை வாசிக்கும் குழந்தைகள் நிகழ்ச்சி அது. அந்த முயலுக்குக் குரல் கொடுத்தவர் ரியான் க்ரைவாகன். பெரியவர்களுக்கான ஆஃப்ரிகான்ஸ் செய்தியை வாசித்தவரும் அவரேதான், 2012 வரை. என் தம்பிக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. பெரியவர் செய்தி வாசிக்கத் தொடங்கியதும் பெட்டிக்குப் பின்னால் போய், முயல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவான். எங்கள் வீட்டில் அவருக்கு ‘முயல் மாமா’ என்றே பெயர். அங்கோலா எல்லைப் போரைப் பற்றியும் கலவரத்தைப் பற்றியும் முயல் மாமா முகம் மாறாமல் வாசித்தார் என்பதைப் பிற்காலத்தில்தான் யோசித்தேன்.

சாட்ஸ்வொர்த் பேரன்:

அம்மா, தங்கள் திருத்தத்தைத் தலைவணங்கி ஏற்கிறேன். முயலை நினைவுபடுத்தியதும் என் வயது தானாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது: முயலுக்கு ஆறு, ஹாரிக்குப் பதினான்கு. ஜெர்மன் செய்தியைச் சித்தப்பாவிடம் இன்றிரவு தொலைபேசியில் சொல்லப்போகிறேன்.

மெரேபேங்க் வாசகி:

பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் உண்டா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதன்மையான கேள்வி.

எங்கள் ஆயா டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தமிழுக்கு அடுத்தபடி தெரிந்த மொழி ஆங்கிலம் அல்ல, ஜூலு. தோட்டத்தில் கேட்டும் பேசியும் கற்றது. இலக்கணம் பார்த்தால் பாதி, தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பேசிய கலப்பு மொழியான ஃபனகலோவாக இருக்கும். 1982இல் டிவி2 வந்து ஜூலுவும் கோசாவும் பேசத் தொடங்கியபோது, வீட்டில் பெட்டிக்கு உரிமையாளர் மாறிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். அதுவரை எங்களிடம் “என்ன சொல்றான், என்ன சொல்றான்” என்று கேட்டுக்கொண்டிருந்தவரிடம் நாங்கள் கேட்கும்படி ஆயிற்று. 1986இல் ‘ஸ்குடி ஸ்னைஸி’ தொடங்கியது. ‘நல்லாருக்கு, ஜோராருக்கு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரை ஜூலு நாவால் புரட்டிப்போட்ட தலைப்பு அது. ஜோ மஃபேலா ஸ்துமோவாக நடித்தார். ஆயா முதலில் சிரிப்பார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குத் தமிழில் சொல்வார். நாங்கள் சிரிப்பதற்குள் பெட்டியில் அடுத்த இரண்டு நகைச்சுவைகள் போயிருக்கும். ஸ்துமோவுக்கு ஆயா வைத்த பெயர் ‘தண்டச்சோறு’. மஃபேலா 2017இல் காலமானபோது என் அக்கா அனுப்பிய குறுஞ்செய்தியில், “நம்ம தண்டச்சோறு போயிட்டாரு” என்றுதான் இருந்தது.

‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் வில்லன் ஜே. ஆர். யூவிங்கை ஆயா ‘தொப்பி போட்ட சகுனி’ என்பார். என் அம்மா இதை ஏற்கவே மாட்டார். சகுனி சூதாடியது தன் குலத்துக்கு நேர்ந்ததற்குப் பழிவாங்க என்று கதை உண்டு, ஜே. ஆருக்கு அப்படி என்ன குறை, அவன் துரியோதனன்தான் என்பது அம்மாவின் வாதம். அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் எண்ணெய்க்கும் நிலத்துக்கும் அடித்துக்கொண்டதைப் பார்த்தால் அம்மா பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தொப்பியும் சிரிப்பும் சகுனிக்குத்தான் பொருந்தும்.

டர்பனில் ஒரு தஞ்சாவூரான்:

நான் இந்த ஊருக்கு வேலைக்காக வந்தவன். உங்கள் முயலும் ஸ்துமோவும் எனக்குப் புதியவை. ஆனால் சகுனி என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

மொழி தெரியாமல் தொலைக்காட்சி பார்ப்பது இங்கே மட்டும் நடந்ததன்று. பி. ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை, ஞாயிறு காலைகளில் 94 பகுதிகளாக வந்தது. அத்தனையும் இந்தி, எங்கள் கிராமத்தில் இந்தி தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஊராட்சிப் பெட்டியின் முன்னால் திண்ணையிலும் தரையிலும் உட்கார்ந்து பார்த்தோம். சக்கரம் சுழல, காலமே பேசுவதாக ஒரு குரல் ஒவ்வொரு வாரமும் நீளமாக ஏதோ சொல்லும். ஹரீஷ் பிமானியின் குரல் அது என்று பிறகுதான் அறிந்தேன். அந்த நேரத்தில்தான் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். கூஃபி பெயிண்டல் சகுனியாக நொண்டி நடந்து வந்தவுடன் எல்லா வாயும் மூடிவிடும். தெருக்கூத்தில் பாரதம் பார்த்து வளர்ந்த என் அப்பாயி, திரையில் காட்டாததையும் சேர்த்துச் சொல்வார். திரௌபதி கூந்தலை முடியமாட்டேன் என்று சபதம் செய்த இடத்தில், இந்திக்காரர்கள் அவசரப்பட்டு முடித்துவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டார்.

ஜே. ஆரை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் மெரேபேங்க் சகோதரியின் ஆயா பக்கமே என் வாக்கு.

சாட்ஸ்வொர்த் பேரன்:

வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் நான் எதிர்பார்த்தபடி அல்ல.

நேற்றிரவு சித்தப்பாவிடம் ஜெர்மன் விவரத்தைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பழுதுபார்ப்பவர் அன்றே வானொலியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதில் ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு போ” என்று ஒரு சென்ட்கூட வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தாத்தாவிடம் வாங்கிய பணம் டர்பனின் ‘கிரேவில்’ மைதானக் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருக்கிறது. வானொலி இரண்டு வாரம் அவருடைய நண்பர் வீட்டில் இருந்திருக்கிறது.

இது யாருக்குமே தெரியாதா என்று கேட்டேன். ஆயாவுக்குத் தெரியும் என்றார். வானொலி திரும்பி வந்த அன்று ஆயா பீன்ஸ் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், “பின்பக்கத்து ஆணியெல்லாம் அப்படியே தூசியோட இருக்கே, அவரு எந்தப் பக்கமா தொறந்தாரு?” என்று மெதுவாகக் கேட்டாராம். சித்தப்பா முழித்தாராம்.