ஆல்பத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவே: ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

கயல் | செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம்.

ஊடகவியல் மாணவர்களுக்குப் பாப் இசை வணிகம் பற்றிப் பாடம் எடுக்கிறேன், தமிழ்வழி வகுப்பு. கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். பதினோரு பக்கம் முடித்துவிட்டு ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: 'ரெலவன்ஸ்'.

ஒரு பாப் பாடகர் ஆல்பம் வெளியிட்டு, அடுத்தது வருவதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. அந்த நாட்களில் அவர் இன்னும் 'ரெலவண்ட்'தானா என்பதுதான் பாடத்தின் மையக் கேள்வி. அகராதியில் 'பொருத்தப்பாடு' என்று இருக்கிறது. வகுப்பில் "ரிஹானாவின் பொருத்தப்பாடு" என்று சொன்னதும், பின்வரிசையில் ஒருவன் "மாப்பிள்ளை யாரு மேடம்?" என்றான். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

ரிஹானாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2005 முதல் 2012 வரை ஏழு ஆல்பம். நடுவில் 2008 மட்டும்தான் சும்மா இருந்தார். பிறகு 2016 ஜனவரியில் 'ஆன்டி' வந்தது. அதற்கப்புறம் முழு ஆல்பம் எதுவும் இல்லை. ஆனாலும் 2023 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் இடைவேளையில் அவர்தான் பாடினார். அவரை யாரும் மறக்கவில்லை. அந்த 'மறக்கவில்லை'க்குத்தான் சொல் கேட்கிறேன். முடிந்தால் அந்த நடுக்காலத்துக்கும் ஒன்று.

பிள்ளைகள் வாயில் நுழைய வேண்டும். தயவுசெய்து.

---

இளங்கோவன் | புதன், காலை 5.15

அன்புள்ள கயல் அம்மா,

'நிலவுகை' என்று எழுதுங்கள்.

நில் என்னும் வேரிலிருந்து நிலை, நிலம், நிலவு எல்லாம் வந்தன. நிலவுதல் என்றால் நிலைத்திருத்தல். வானத்து நிலவும் அதே சொல்தான் என்பது என் துணிபு. இங்குதான் அழகு இருக்கிறது. அமாவாசையன்று நிலவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. ஆல்பம் இல்லாத பாடகரும் அப்படித்தான். ஒரே சொல்லில் இருப்பும் மறைவும் அடங்குகிறது. வேறு எந்த மொழிக்கு இந்த வசதி உண்டு?

'அமாவாசை' வடசொல் என்று யாராவது வருவதற்கு முன் நானே திருத்திக்கொள்கிறேன்: காருவா.

---

பாபு | புதன், காலை 8.02

> 'நிலவுகை' என்று எழுதுங்கள்.

ஐயா, இன்றைய தமிழில் என்னவெல்லாம் 'நிலவுகிறது'? பதற்றம் நிலவுகிறது. கடுங்குளிர் நிலவுகிறது. அதிகாலையில் பனிமூட்டம் நிலவும். "ரிஹானா நிலவுகிறார்" என்றால் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அடுத்த வரியை எதிர்பார்ப்பார்கள்.

நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. சினிமாக்காரர்களைக் கேளுங்கள். "இன்னும் பீல்டில் இருக்கிறார்", "பீல்டு அவுட்". டீக்கடையில் யாருக்கும் விளக்க வேண்டாம். தமிழ் வேண்டுமென்றால் 'களத்தில் இருத்தல்'. கலைச்சொல் ஆக்க வேண்டுமென்றால் 'களஇருப்பு'. முடிந்தது வேலை.

---

தர்ஷினி | புதன், காலை 11.30

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

பாபு அண்ணா சொன்ன 'களம்' எனக்கு வேறொரு காட்சியைக் கொண்டுவந்தது. எங்களுக்குக் களம் என்றால் முதலில் சூடடிக்கிற களம்தான். நெல் வருகிற நாட்களில் அங்கே நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் பார்த்தால் யாராவது மிளகாய் காயப்போட்டிருப்பார்கள், பொடியன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். களம் அங்கேயேதான் இருக்கும், நெல்தான் இல்லை.

ரிஹானா செய்தது அதுதானே? நெல் இல்லாத களத்தில் மிளகாய் காயப்போட்டார். 2017 செப்டெம்பரில் ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார், ஃபவுண்டேஷன் மட்டும் 40 நிறத்தில். கறுப்பான பெண்கள் கடையில் தங்கள் தோலுக்கு ஏற்ற நிறம் கிடைக்காமல் திரும்பி வந்த காலம் அது. சூப்பர் பௌல் மேடையில் பாட்டுக்கு நடுவில் பவுடர் டப்பாவைத் திறந்து முகத்தில் இரண்டு ஒற்று ஒற்றினாரே, கவனித்தீர்களா? ஆல்பம் விற்க வரவில்லை, டப்பாவைக் காட்டிவிட்டுப் போனார்.

அதனால் நடுக்காலத்துக்கு என் யோசனை விவசாயத்திலிருந்து. இங்கே பெரும்போகம், சிறுபோகம் என்போம். ஓர் ஆல்பமும் அதைச் சுற்றிய பாட்டு, காணொளி, ஊர் ஊராகக் கச்சேரி எல்லாம் சேர்ந்து ஒரு 'போகம்'. அடுத்த போகம் வரைக்கும் நிலம் ஆறுகிறது.

---

இளங்கோவன் | புதன், பகல் 12.10

தர்ஷினி அம்மாவின் உவமை அருமை. சொல்தான் வடமொழி. நமக்குப் 'பூ' இருக்கிறதே: ஒருபூ நிலம், இருபூ நிலம், முப்பூ விளையும் வயல்.

---

கயல் | புதன், பகல் 12.25

ஐயா, 'போகம்' என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "ரிஹானாவின் அடுத்த பூ எப்போது" என்று எழுதினால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

---

பாபு | புதன், பகல் 12.31

பயிர் என்று வந்துவிட்ட பிறகு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெய்லர் ஸ்விஃப்ட் பழைய ஆல்பங்களையே திரும்பப் பாடி 2021-இல் இரண்டும் 2023-இல் இரண்டும் வெளியிட்டாரே, அதற்கு 'மறுதாம்பு'. வெட்டின கட்டையிலிருந்து மறுபடி விளைச்சல்.

---

தர்ஷினி | புதன், பகல் 1.05

இல்லை அண்ணா. மறுதாம்புக்கு அடிக்கட்டை நம் கையில் இருக்க வேண்டும். அவருடைய மூலப்பதிவுகள் 2019-இல் வேறு ஆட்களுக்குக் கைமாறிவிட்டன, அதனால்தானே மறுபடி பாடினார். கட்டை அப்போது அடுத்தவன் வயலில் நின்றது, இவர் அதே ரகத்தைத் தன் வயலில் புதிதாக விதைத்தார். அது மறுநடவு.

---

ஆதிரை | புதன், மாலை 6.48

வணக்கம். நான் கல்லூரி மாணவி, இதுவரை படிக்க மட்டுமே செய்தவள். தப்பாகச் சொன்னால் மன்னியுங்கள்.

கொரிய பாப் ரசிகர்களிடம் இந்த நடுக்காலத்துக்குத் தனிச்சொல் இருக்கிறது: 'கோங்பேக்கி'. சீன எழுத்து வழியாக வந்த சொல். கோங் என்றால் வெறுமை, பேக் என்றால் வெண்மை, கி என்றால் காலம். எழுதாத வெள்ளைத் தாள் போல. புதுப் பாட்டு வந்தால் 'கம்பேக்' என்பார்கள், மூன்று மாதம் கழித்து வந்தாலும் அது கம்பேக்தான்!

பிடிஎஸ் 2022 ஜூனில் குழுவாகப் பாடுவதை நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ராணுவச் சேவைக்குப் போனார்கள். ஆனால் வெற்று மாதங்கள் என்று பெரிதாக இருக்கவில்லை. போவதற்கு முன்பே பதிவுசெய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜிமின் சீருடையில் இருக்கும்போதே 2024 ஜூலையில் அவருடைய தனி ஆல்பம் வந்தது. குதிரில் போட்டு வைத்த நெல் என்று தர்ஷினி அக்கா சொல்லுவாங்க போல.

---

இளங்கோவன் | வியாழன், காலை 4.50

ஆதிரை, நீ மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்துவிட்டாய், அவ்வளவுதான்.

'ஆல்பம்' எங்கிருந்து வந்தது? இலத்தீனில் 'அல்பஸ்' என்றால் வெண்மை. பொது அறிவிப்புகள் எழுதிய வெள்ளைப் பலகைக்கு ரோமானியர் 'ஆல்பம்' என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் படம் ஒட்டும் வெற்றுப் புத்தகத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் பழைய இசைத்தட்டுகளை உறை உறையாகத் தைத்து அட்டை போட்டு விற்றபோது அதுவும் ஆல்பம் ஆனது. ஆக, ஆல்பமும் வெள்ளை, ஆல்பம் இல்லாத காலமும் வெள்ளை!

இனித் தமிழுக்கு வாருங்கள். வெள், வெளி, வெறு, வெற்று, வெள்ளை, வெளிச்சம். இவை அனைத்தும் ஒரே குடும்பம் என்று நாற்பது ஆண்டாகச் சொல்லி வருகிறேன். 'வெளியீடு' என்பதிலும் 'வெளி', 'இடைவெளி' என்பதிலும் 'வெளி'. கொரியன் மூன்று எழுத்தில் சொன்னதை நாம் பேருந்துக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறோம்.

---

பாபு | வியாழன், காலை 7.20

வெறுவும் வெள்ளும் ஒரே வேர் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. றகரமும் ளகரமும் அப்படி இஷ்டத்துக்கு மாறாது, இதை 2 வருடம் முன்பே இங்கே பேசியாயிற்று. ஆனால் 'இடைவெளி' சரி. புதுச்சொல் ஆக்க உட்கார்ந்து பழைய சொல்லில் வந்து நிற்பதும் ஒரு வேலைதான்.

இன்னொன்று. பெரிய ஆல்பம் வருகிறது என்று நினைக்க வைத்துவிட்டு ஒற்றைப் பாட்டோடு போய்விடுகிறார்களே, அதற்கு 'வம்பமாரி' என்று வைக்கலாம். குறுந்தொகை 66. தலைவன் கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தோழி சொல்கிறாள்: இது கார் இல்லை, பருவம் தப்பிப் பெய்த மழை, கொன்றைக்கு அறிவில்லை, கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது. 2022 அக்டோபரில் ரிஹானா ஒரு படத்துக்கு ஒரு பாட்டுப் பாடினார், மறு பிப்ரவரியில் சூப்பர் பௌல். ரசிகர்கள் எல்லாம் கொன்றையாகப் பூத்தார்கள்.

முல்லை 'இருத்தல்' என்று படித்தோம். இத்தனை வருடம் ஆன பிறகு அது முல்லையா, நெய்தலா?

---

கயல் | வியாழன், மாலை 4.15

எல்லோருக்கும் நன்றி. 'இடைவெளி'யை எடுத்துக்கொண்டேன். ஆனால் முதல் சொல் இன்னும் கிடைக்கவில்லை, நாளை காலை அச்சு.

'களஇருப்பு' வாயில் சரளமாக வரவில்லை. கிடங்குக் கணக்கு மாதிரி ஒலிக்கிறது. 'மவுசு' நன்றாக இருக்கிறது, ஆனால் தேர்வுத்தாளில் எழுதவிட மாட்டார்கள். 'செல்வாக்கு' என்றால் எம்.எல்.ஏ. நினைவுக்கு வருகிறார்.

அடெலை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. 2011-இல் '21' என்ற ஆல்பம், அடுத்தது 2015 நவம்பரில் '25'. நடுவில் ஒரு ஜேம்ஸ் பாண்டு படப் பாட்டு, ஒரு ஆஸ்கர், அப்புறம் ஆளே காணோம். கடை திறக்கவில்லை, டப்பா காட்டவில்லை. வந்ததும் முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 33 லட்சம் பிரதிக்கு மேல் போனது. அவர் அந்த நான்கு வருடம் 'ரெலவண்ட்'டா இல்லையா?

---

தர்ஷினி | வியாழன், இரவு 7.50

'புழக்கம்'?

---

பாபு | வியாழன், இரவு 8.05

தங்கச்சி, இது ஓடும். 2000 ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து எடுப்பதாக அறிவித்தது. கூடவே, நோட்டு செல்லும் என்றும் சொன்னது. கடைக்காரர்கள் குழம்பினார்கள், எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி "செல்லும், ஆனா வாங்க மாட்டேன்" என்றார்.

செல்லுவது வேறு, புழங்குவது வேறு. அடெல் அந்த நான்கு வருடம் புழக்கத்தில் இல்லை, ஆனால் செல்லுபடியானார். பீரோவிலிருந்து எடுத்து நீட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். ரிஹானா நேர்மாறு. புது நோட்டு அடிக்கவே இல்லை, ஆனால் புழக்கத்தில் இருக்கிறார். 2024 மார்ச்சில் ஜாம்நகர் கல்யாண வீட்டுக் கொண்டாட்டத்தில் பாடியதும் பழைய பாட்டுகளைத்தான்.

கயலக்கா, 'ரெலவன்ஸ்' என்று ஒரே சொல்லாக அவர்கள் போட்டுக் கட்டியிருப்பது உண்மையில் இரண்டு சங்கதி. நாம் பிரித்தே சொல்லலாம்.

---

ஆதிரை | வியாழன், இரவு 8.40

அப்போ கேட் புஷ்? 1985-இல் பாடிய பாட்டு, 2022 ஜூனில் ஒரு தொடரில் வந்ததால் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 37 வருடம் கழித்து. அவங்க கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 2011. பாட்டுத்தான் புழங்குச்சு, அவங்க வீட்டில்தான் இருந்தாங்க. ஆளுக்கும் பாட்டுக்கும் ஒரே சொல் போதுமா?

---

இளங்கோவன் | வியாழன், இரவு 9.00

நல்ல கேள்வி. இதற்குத்தான் தொல்காப்பியர் இடைச்சொல்லுக்குத் தனி இயல்பு இல்லை, பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்றார். இடைவெளியில் இருக்கும் பாடகரும் பாட்டைச் சார்ந்துதான்...

(நீளமாகப் போகிறது, காலையில் எழுதுகிறேன்.)

---

கயல் | வெள்ளி, மாலை 5.30

காலை 8 மணிக்கே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் ஐயா, மன்னிக்கவும். கையேட்டில் 'புழக்கம்', 'செல்லுபடி' இரண்டும் இருக்கின்றன. ஆதிரையின் கேள்வியைப் பயிற்சி வினாவாகப் போட்டிருக்கிறேன், விடை எனக்கே தெரியாது.

மதியம் வகுப்பில் கொடுத்தாயிற்று. "புரிகிறதா?" என்று கேட்டேன். அந்தப் பின்வரிசைப் பையன்தான் எழுந்தான். "புரியுது மேடம். புழக்கம்னா பீல்டில் இருக்கிறது."

---

பாபு | வெள்ளி, மாலை 5.41

நான் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லையா!

---

கயல் | வெள்ளி, மாலை 5.44

புதன்கிழமை.

---

இளங்கோவன் | வெள்ளி, இரவு 8.10

'புழக்கம்' பெரும்பான்மை முடிவு என்பதை ஏற்கிறேன். 'நிலவுகை'யை நான் திரும்பப் பெறவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். புழங்கு, பழகு இரண்டுக்கும் உள்ள உறவு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

---

பாபு | வெள்ளி, இரவு 8.15

தொடங்குங்கள் ஐயா. வம்பமாரிக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.