பேஸ் கிட்டாரில் யார் பெரியவர்? கேட்ட அனுபவத்தோடு சொல்லுங்கள்

நாலுகம்பி, ஜார்ஜ்டவுன்:

என் வாக்கு ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு. அவரை எனக்கு அறிமுகம் செய்தது இசைத்தட்டு அல்ல, ஒரு பெரியவரின் துண்டு.

1998இல் எனக்குப் பத்தொன்பது வயது. பினாங்கில் கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கும் குழுவில், அடிச்சுரங்களைப் பிடிக்கும் பேஸ் கிட்டார் என் பொறுப்பு. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் ஒத்திகை நடக்கும். அந்நாளில் என் தெய்வம் 'தி ஹூ' ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில். 1965இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில், கிட்டார் தனியாக வாசிக்க வேண்டிய இடத்தைப் பேஸுக்கு வாங்கிக் கொடுத்தவர். அவரைப்போல நானும் ஓடிக்கொண்டே இருப்பேன். பாடகர் மூச்சு வாங்கக்கூட இடம் விடமாட்டேன்.

ஒருநாள் ஒலிபெருக்கியைப் பழுது பார்க்க ஒரு பெரியவர் வந்தார். எழுபதுகளில் ஹோட்டல் பேண்டுகளில் வாசித்தவர். வேலை முடிந்தும் போகாமல் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, அதைக் கொஞ்சம் கொடு" என்றார். தோளில் கிடந்த குட்மார்னிங் துண்டை மடித்து, பேஸில் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகினார். சுட்டுவிரல் ஒன்றை மட்டும் வளைத்து வாசித்தார். என் பேஸிலிருந்து அப்படியொரு நாதத்தை நான் கேட்டதே இல்லை. நீண்டு இழுக்காமல், மிருதங்கத்தின் தொப்பியில் கை விழுந்ததுபோல் 'தும்' என்று பிறந்து உடனே அடங்கியது. பாடகரைப் பாடச் சொன்னார். வரி முடியும்வரை அடக்கமாக நின்றார். வரி முடிந்த அந்தச் சிறிய இடைவெளியில் மட்டும் நாலைந்து சுரங்கள் சறுக்கி இறங்கி, அடுத்த வரியின் வாசலில் போய் நின்றன. பாடகர் கண்ணை மூடிக்கொண்டார். என் வாசிப்புக்கு அவர் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை.

"இது ஜேமர்சன் வாசித்த வழி" என்றார் பெரியவர்.

பிறகு தேடித் தேடிக் கேட்டேன். டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்தவர். முதலில் கற்றது நின்று வாசிக்கும் பெரிய பேஸ். அந்தப் பழக்கத்தில் மின்சார பேஸையும் ஒரே விரலால் மீட்டினார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர். வழவழப்பான பட்டைச் சுற்றுக் கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். இத்தனை பாட்டுகளுக்கு வாசித்தும், 1971இல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வரும்வரை மோட்டவுன் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. 1983இல், 47 வயதில் இறந்துபோனார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்:

ஜேமர்சனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லிவர்பூலின் பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னியை எப்படி விடுவீர்கள்? அப்பாவின் புரோட்டோன் சாகாவில் வலப்பக்க ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது. ஈப்போவுக்குப் போகும் வழியில் பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' கேசட் ஓடியது. 1965ஆம் ஆண்டின் அந்த ஸ்டீரியோ பதிவில் பெரும்பாலான பாட்டுகளில் குரல் ஒரு பக்கம், வாத்தியங்கள் மறுபக்கம். எங்கள் காரில் குரல் காணாமல் போய், பேஸ் மட்டும் முன்னால் வந்து நின்றது. நூறு முறை கேட்ட பாட்டுகளுக்கு அடியில் இன்னொரு மெட்டு ஓடிக்கொண்டிருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தேன். அது துணைக்கு வாசித்தது அல்ல. தனியாகவே பாடலாம் போன்ற மெட்டு. ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

தம்பிகளா, டெட்ராய்டும் லிவர்பூலும் இருக்கட்டும். இளையராஜாவின் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த சசிதரனை ஒருவரும் சொல்லவில்லையே! தொண்ணூறுகளில் கோலாலம்பூர் மினி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருவேன். தமிழ் ஓட்டுநர் என்றால் ராஜா பாட்டுத்தான். கடைசி வரிசைக்குப் பின்னால் பெரிய ஸ்பீக்கர் இருக்கும். பேஸ் நடக்க ஆரம்பித்ததும் இருக்கையின் இரும்புச் சட்டம் முதுகில் அதிரும். இறங்கி நடக்கும்போது என் காலும் அந்த நடையில்தான் போகும். வாசித்தவர் பெயர் தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

நாலுகம்பி, ஜார்ஜ்டவுன்:

அக்கா, நீங்கள் சொன்னது நியாயம். எங்கள் குழு வாசிப்பதில் பாதி ராஜா பாட்டு. அந்தப் பெயரை நான்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். செந்தூல்வாசி, தம்மைப் பாதித்தவர்களில் ஒருவராக ஜேமர்சனை மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். ஆகவே என் வாக்கை மாற்றவில்லை. ஆனாலும் இன்று மாலை காரில் ஒரு பக்கத்து ஒலியை அடைத்துவிட்டு 'ரப்பர் சோல்' கேட்கப்போகிறேன். அந்தத் துண்டைப் பெரியவர் திரும்பக் கேட்கவே இல்லை. என் பேஸ் பெட்டியில்தான் இருக்கிறது. மடிப்பில் நாலு கம்பிகளின் தடம் கறுப்பாகப் பதிந்திருக்கிறது.