புது வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் களைக்கொல்லி: கம்பத்திலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபோனவர்களுக்கு

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து அண்மையில் இங்கிலாந்துக்குக் குடிபோன தங்கை ஒருவர், வாடகை வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் கல் பாவிய இடத்திலும் பின்புறத் தோட்டத்திலும் களை மண்டிக் கிடப்பதாகவும், அதைச் சுத்தமாக வைத்திருப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகவும், குமுளிக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு அப்பா வாங்கி வைத்திருக்கும் களைமருந்தில் ஒரு புட்டியைக் கொடுத்தனுப்பச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கொடுத்தனுப்ப வேண்டாம் அம்மா. களைமருந்தை விமானப் பெட்டியில் ஏற்றுவதே தவறு. அதிலும் நம் பக்கத்துத் தோட்டங்களில் பலரும் கைப்பழக்கமாக அடிக்கும் பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இலேயே அனுமதி போய்விட்டது. பிரிட்டனிலும் அது விற்பனையில் இல்லை. ஒரு மிடறு உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக்கூடிய அந்த மருந்துக்கு முறிமருந்து கிடையாது. குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது.

அடுத்து, கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு இதன் விற்பனையை 2019இல் தடை செய்தது நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்திய அரசும் 2022இல் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்துக்கான கிளைபோசேட் கடையில் கிடைக்கிறது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2015இல் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகளோ சொன்ன முறைப்படி பயன்படுத்தினால் அப்படிக் கருத இடமில்லை என்கின்றன. என் கருத்து இதுதான்: வேரோடு சாக வேண்டிய களைக்கு மட்டும், கையுறை போட்டு, இலையில் மட்டும் படும்படி அடியுங்கள், கையால் பிடுங்கக்கூடியதற்கு அடிக்காதீர்கள்.

கடையில் பெட்டிகளின் முன்னால் நிற்கும்போது பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பொருளின் பெயரையும், எந்த இடத்துக்கு என்பதையும் படியுங்கள். ரவுண்டப் என்ற ஒரே பெயரில் கிளைபோசேட் உள்ளதும் இல்லாததும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். பாதைக்கு என்று விற்கும் மருந்துகள் பலவற்றில் கிளைபோசேட்டுடன் டைஃப்ளூஃபெனிக்கன் போன்ற இன்னொரு பொருளும் கலந்திருக்கிறது. கிளைபோசேட் மண்ணில் பட்டதும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழந்துவிடும். அதனால் அது விதையை ஒன்றும் செய்யாது. கூடச் சேர்த்த பொருளோ மேல்மண்ணிலேயே தங்கிப் புது விதை முளைப்பதைச் சில மாதங்கள் தடுக்கும். கார் நிற்கும் இடத்தில் அது நல்லது. அதே புட்டியில் மிச்சமிருப்பதைக் கீரை விதைக்கப் போகும் பாத்தியில் அடித்தால், களை போகும், கீரையும் முளைக்காது. புது ஊரில் அதிகம் நடக்கும் பிழை இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கல் பாவிய இடத்தில் முளைப்பவை பெரும்பாலும் மேலிருந்து காற்றில் வந்து, கல் இடுக்கில் சேர்ந்த தூசியில் விழுந்த விதைகள். ஆகவே முதலில் கத்தியாலோ கம்பித் தூரிகையாலோ இடுக்கைச் சுரண்டி, மண்ணைப் பெருக்கி எடுத்துவிட்டு, காய்ந்த மெல்லிய மணலை நிரப்புங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். இளம் களைக்குக் கொதிக்கும் நீர் போதும். பெலார்கானிக் அமிலம் உள்ள மருந்து சில மணி நேரத்தில் இலையைக் கருக்கிவிடும். ஆனால் வேர் உயிரோடிருக்கும் பல்லாண்டுக் களை மறுபடி துளிர்க்கும். கிளைபோசேட் இதற்கு நேர்மாறு: பழுத்துச் சாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஆனால் வேர்வரை இறங்கும். மூன்றாம் நாள் பச்சையாக இருக்கிறதே என்று மறுபடி அடிக்காதீர்கள். காற்றில்லாத, அடுத்த ஆறு மணி நேரத்துக்கு மழை வராத வேளையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் கல்லின் மேல் விழும் மருந்து மழையோடு சாலையோர வடிகாலுக்குப் போய், பல இடங்களில் சுத்திகரிப்பு இல்லாமலே ஓடையில் சேரும். பாசிக்கு கிளைபோசேட் சரிவராது. கெட்டியான தூரிகையால் தேய்ப்பதே வழி. வினிகரும் உப்பும் கலந்து ஊற்றச் சொல்வார்கள்; உப்பு மண்ணைக் கெடுக்கும், பிரிட்டனில் களைக்கொல்லியாக அனுமதி பெறாத எதையும் அப்படிப் பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு.

புல்தரைக்கு உரிய மருந்து வேறு. அகன்ற இலைக் களையை மட்டும் கொன்று புல்லை விட்டுவிடும் 2,4-டி, மெக்கோப்ராப் வகைகள் அதில் இருக்கும். நெல்வயலில் அடித்த 2,4-டி காற்றில் வந்தால் திராட்சை இலை எப்படிச் சுருண்டு முறுக்கிக்கொள்ளும் என்பது நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தக்காளிக்கும் அதே கதி. மிக மெல்லிய வாடை பட்டாலே போதும் என்பதால், இந்த மருந்துக்கென்று தெளிப்பானைத் தனியே வையுங்கள். மருந்தடித்த புல்லை வெட்டிக் குப்பையுரத்தில் போடலாமா என்பதற்குப் பெட்டியில் எழுதியிருக்கும் காலக்கெடுவைப் பாருங்கள். குளோபிராலிட் உள்ள மருந்தானால் உரம் மக்கிய பிறகும் அவரையையும் தக்காளியையும் அது பாதிக்கும்.

வேலியில் சுற்றிப் படரும் வெள்ளைப்பூக் கொடிக்கு, பூக்கும் பருவத்தில் அடிப்பதே பலன் தரும். அப்போது இலையிலிருந்து சத்து வேருக்கு இறங்கும், மருந்தும் கூடவே இறங்கும். மூங்கில் போன்ற கணுத் தண்டும் இதய வடிவ இலையும் கொண்ட ஜப்பானிய நாட்வீட் கண்ணில் பட்டால் நீங்களே வெட்டி எறியாதீர்கள். சிறு வேர்த்துண்டும் புதுச்செடியாகும், அதை வெளியே இயற்கை நிலங்களில் பரவவிடுவது பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். உடனே வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் பத்திரமாக வையுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே 2009 முதல் வீட்டு அழகுக்காகக் களைமருந்து அடிப்பதற்குத் தடை உண்டு, இரும்புச் சேர்மம், அசெட்டிக் அமிலம் சார்ந்தவையே பெரும்பாலும் கிடைக்கும். பிரான்சிலும் 2019 முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு கிளைபோசேட் விற்பதில்லை.

மிச்சமாகும் மருந்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவோ பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டவோ வேண்டாம். உங்கள் உள்ளாட்சியின் கழிவு மையத்தில் அபாயக் கழிவாக ஏற்கிறார்களா என்று கேட்டுவிட்டு, வாங்கிய புட்டியோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.