கரகத்து மல்லிகை எங்கே பூத்தது?

கந்தப்பளைக்காரன்:
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இலங்கை மலையகத்தில், நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூ எடுக்கிற நாளைப் போய்ப் பார்த்தாராம். அதைப் 'பாரம்பரிய மலர் அறுவடை விழா' என்று எழுதியதைக்கூட விட்டுவிடலாம். கரகத்தில் சுற்றிய மல்லிகை முழுவதும் லயத்து வாசலிலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு வாசலிலேயே, பூத்தது என்கிறார். 6,000 அடியில் மல்லிகையா? தை மாதத்து உறைபனியில் தேயிலைக் கொழுந்தே கருகுகிற இடம் அது. எங்கள் லயத்தில் டேலியா உண்டு, செவ்வந்தி உண்டு, ரோஜா உண்டு. மல்லிகையை அப்பா முதல் நாளே பஸ் ஏறி மாத்தளைக்குப் போய் வாங்கி வருவார். வேப்பிலையும் அங்கிருந்துதான்.

ஊர்சுற்றி:
எழுதியது நான்தான். ஒரு அம்மா கூடையோடு கொண்டுவந்து கோயில் வாசலில் கொட்டினார். "எங்க வாசல்ல பறிச்சது தம்பி" என்றார். அவர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

கந்தப்பளைக்காரன்:
அந்த அம்மா பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. வாசலில் பறித்தது மல்லிகைதான் என்று அவர் சொன்னாரா? வெள்ளையாக இருப்பதெல்லாம் மல்லிகை ஆகாது. கொழும்பிலிருந்து ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பூவுக்குப் பேர் வைக்காதீர்கள்.

பதுளை மைந்தன்:
எங்கள் வீட்டில் மல்லிகை பந்தலாகப் படர்ந்து கிடக்கிறது. மலையகம் என்றால் நுவரெலியா மட்டும்தானா?

கந்தப்பளைக்காரன்:
பதுளை டவுன் 2,200 அடி. நான் கேட்டது 6,000 அடி.

அட்டன் பையன்:
அட்டனில் மல்லியப்பூ சந்தி என்றே ஒரு இடம் இருக்கிறது. பூ இல்லாமலா அந்தப் பேர் வந்தது?

கந்தப்பளைக்காரன்:
அட்டன் 4,000 அடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பேர் இருந்தால் பூ இருக்கும் என்பது என்ன கணக்கு தம்பி? போன மாசியில் எங்கள் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஊர்ப்பேரைக் காட்டிச் சண்டைக்கு வந்தீர்கள். நான் மறக்கவில்லை.

அட்டன் பையன்:
அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. நீங்கள் பாதியில் எழுந்து போனீர்கள்.

கொட்டகலை மகள்:
அண்ணே, மல்லிகையைக் கொஞ்சம் விடுங்கள். பூ எடுக்கிற நாள் எப்படி இருக்கும் என்று ஒருவரும் எழுதவில்லையே. எங்கள் டிவிஷனில் காப்புக் கட்டிய பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை அது. விடியும் முன்பே அம்மாவும் சித்தியும் குளித்துவிட்டு, கொழுந்துக் கூடையைத் தொடாமல், அதற்கென்றே வைத்திருக்கிற சின்னக் கூடையை எடுப்பார்கள். பனி காயும் முன் பறித்தால்தான் இதழ் வாடாது. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் லயம் லயமாக எல்லோரும் வெளியே வருவார்கள். வாசலில் நாலு செடி மட்டும் வைத்திருக்கிற பாட்டி அந்த நாலு பூவையும் தருவார். பிறகு ஆற்றங்கரையில் பூச் சுற்றிக் கரகம் பாலிப்பார்கள். வருடம் முழுக்கத் தோட்டத்துத் துரைக்காகக் கொழுந்து பறித்த கை அன்று ஒரு நாள்தான் அம்மனுக்காகப் பறிக்கிறது. சித்திரையில் விக்டோரியா பூங்கா மலர்க்கண்காட்சியைப் படம் பிடிக்க ஊரே வருகிறது, இதைப் பார்க்க யார் வருகிறார்கள்? இந்த அண்ணனாவது வந்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

கந்தப்பளைக்காரன்:
நன்றாக எழுதியிருக்கிறாய் தங்கச்சி. ஆனால் நீயும் மல்லிகை என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை, கவனித்தேன்.

பதுளை மைந்தன்:
ஒரு பூவுக்கு இவ்வளவு பிடிவாதம் எதற்கு?

கந்தப்பளைக்காரன்:
எதற்கா? எங்களைப் பற்றி வருகிறவன் போகிறவன் எல்லாம் எழுதுகிறான், நாங்கள் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். 2023-இல் எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் நானும் நடந்தேன். கால் கொப்பளித்த வலி எனக்குத் தெரியும். எங்கள் கதையில் ஒரு பூ தப்பாக இருந்தாலும் நான் கேட்பேன்.

பதுளை மைந்தன்:
நானும்தான் நடந்தேன். நடந்ததற்கும் மல்லிகைக்கும் என்ன சம்பந்தம்?

கந்தப்பளைக்காரன்:
எந்த நாள், எங்கிருந்து எதுவரை நடந்தீர்கள்?

பதுளை மைந்தன்:
உங்களிடம் கணக்குக் காட்ட நீங்கள் என்ன கணக்குப்பிள்ளையா?

ஊர்சுற்றி:
ஐயா, நான் மரியாதையோடுதான் எழுதினேன். மூக்கருகே வைத்துப் பார்த்தேன், மல்லிகை வாசம்தான். அதை மாற்றி எழுத மாட்டேன்.

கொட்டகலை மகள்:
சுவருக்குப் பக்கத்தில், வெயில் படுகிற மூலையில் வைத்தால் பூக்கும் என்று சித்தி சொல்கிறார்.

கந்தப்பளைக்காரன்:
சித்தி இருப்பது கீழே கொட்டகலையில். மேலே எங்கள் கந்தப்பளையில் வைத்துப் பார்க்கச் சொல். ஊர்சுற்றி, அந்தச் செடியின் படத்தைப் போடுங்கள். பூவை மட்டும் இல்லை. செடி, அதன் பின்னால் லயம், லயத்துக்குப் பின்னால் மலை, மூன்றும் தெரிய வேண்டும். மலையைப் பார்த்தாலே எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடுவேன்.

அட்டன் பையன்:
அப்படியே காமன் கூத்துக்கும் பதில் சொல்லிவிடுங்கள் அண்ணே.