மாட் செய்த (பாகங்களை மாற்றிப் பூட்டிய) வாட்ச்: யாரிடமாவது மாட்டியிருக்கிறீர்களா?

கோவை முள்:
சீக்கோ டைவர் வாட்ச் எஸ்கேஎக்ஸ் 007. உள்ளே சீக்கோவின் என்ஹெச் 35 ஆட்டோமேட்டிக் மெஷின், மேலே சஃபையர் கண்ணாடி, அதைச் சுற்றி செராமிக் பெசல் வளையம், ரோலெக்ஸ் சப்மரைனர் பாணி மெர்சிடிஸ் முள், பின்மூடியும் கண்ணாடி. டயலில் பெயரே கிடையாது. இங்கே இருப்பவர்களுக்கு இது போதும்.

ஒரு ரிசப்ஷன் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கையில் அசல் ரோலெக்ஸ் சப்மரைனர். மில் வைத்திருப்பவராம். ரசத்துக்காகச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டிருந்தவர் என் மணிக்கட்டைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திவிட்டார். எச்சில் கையால் தொட முடியாதே, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “சாவி நாலு மணிக்கு இருக்குதுங்களே தம்பி.” சாவி கொடுக்கும் திருகைச் சொல்கிறார், அசலில் அது மூன்று மணிக்குப் பக்கத்தில்.

கை கழுவிய கையோடு என் வாட்சைக் கழற்றச் சொல்லி, தன்னுடையதோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவருடைய செகண்ட் முள் வழுக்கிக்கொண்டு போகிறது. என்னுடையது கொஞ்சம் தத்துகிறது. அவருடையது மணிக்கு 28,800 துடிப்பு, இது 21,600, தெரியத்தானே செய்யும்? திருப்பிப் பார்த்தார், கை அசைவில் சாவி ஏற்றும் ரோட்டர் சுற்றுவதைக் கண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டி ஆட்டிப் பார்த்தார். “எங்களுதுல இதெல்லாம் தெரியாதுங்க, மூடியே இரும்பு.” சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான், “எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க. இது லாக்கர்ல கெடக்கட்டும். டயல்ல மட்டும் அந்த ரோலெக்ஸ் கிரீடமும் பேரும் போட்டுருங்க” என்றார்.

அசலை வைத்திருப்பவரே கேட்கிறார்! அப்புறம் போனும் பண்ணினார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எட்டுப்பட்டை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெயர் இல்லாத வரைக்கும் அது மாட். கிரீடம் போட்ட நிமிடம் டூப்ளிகேட். 1999 வர்த்தகச் சின்னங்கள் சட்டத்தில் இதற்குச் சிறைத் தண்டனையே உண்டு. கேட்டவர் அசல் வைத்திருக்கிறாரா என்று சட்டம் பார்க்காது.

என் கதை சின்னது. கேசியோவின் ஜி ஷாக் வாட்ச் ஜிஏ 2100-ஐ ஸ்டீல் கூட்டுக்குள் போட்டு, ஓடமார் பிகே கம்பெனியின் எட்டுப்பட்டை வாட்ச் ராயல் ஓக் தோற்றத்துக்குக் கொண்டுவந்தேன். 51 கிராம் வாட்ச் கல் மாதிரி ஆகிவிட்டது. ஆபீஸில் ஒரு பெண் பார்த்துவிட்டு, “இது கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாதுல்ல, ஜி ஷாக் தானே?” என்றார். என்ன சொல்வது? அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டிருந்த ரெசினைத்தானே கழற்றி டிராயரில் போட்டிருக்கிறேன்!

கோவை முள், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த மில்காரருக்குச் செய்வதானால் சாவி மூன்று மணியில் இருக்கும் கேஸாகவே (வெளிக்கூடு) வாங்குங்கள். நாலு மணிக் கேஸில் மெஷின் கொஞ்சம் திரும்பி உட்காரும். தேதிச் சக்கரம் அதற்கென்று அச்சிட்டதாக இல்லாவிட்டால் ஜன்னலில் எண் சாய்ந்து நிற்கும். டயலுக்கு அடியில் இருக்கும் ஊசிக் கால்களும் அப்படித்தான், கேஸுக்குத் தகுந்த இடத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முள் ஓட்டை 1.5, 0.9, 0.2 மில்லிமீட்டர். வேறு மெஷினுக்கான முள் அழகாக இருக்கிறதென்று வாங்கினால் காசு போச்சு. சாவித் தண்டை ஒரேயடியாக வெட்டாதீர்கள், ராவி ராவிப் போட்டுப் பாருங்கள். கண்ணாடியும் மூடியும் மாற்றிய பிறகு 200 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்பதெல்லாம் பழைய கதை. தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் போட்டு, பிரஷர் டெஸ்ட் பண்ணாமல் குளத்தில் இறங்கச் சொல்லாதீர்கள்.

ஜனதா ரசிகன்:
எட்டுப்பட்டை சார், எல்லோரும் வீட்டு மேஜையில் வைத்து முள் பொருத்த வேண்டும் என்று என்ன கட்டாயம்? மதுரையில் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். ஹெச்எம்டி காலத்து ஆள். மாட் என்றால் அவருக்கு என்னவென்றே தெரியாது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, தேதி தாவுகிற இடம் வரைக்கும் சாவியைத் திருகி நிறுத்தி, மூன்று முள்ளையும் பன்னிரண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம். கண்ணாடிக்கு அடியில் எனக்குத் தெரியாத ஒரு தூசி அவருக்குத் தெரிந்தது. “டீ குடிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். கடைசியில் வாட்சைக் கையில் கொடுக்கும்போது, “இவ்வளவு செலவு பண்ணதுக்கு நல்ல சீக்கோவாவே வாங்கியிருக்கலாமே?” என்று கேட்டார். சீக்கோதான் ஐயா என்றேன். நம்பவில்லை.

கோவை முள்:
அந்தப் பெரியவர் இன்னும் கடை திறக்கிறாரா? மில்காரரிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டேன், பெயர் போடமாட்டேன் என்று. “அப்ப வெறும் கருப்பு எதுக்குங்க, என் பேரைப் போடுங்க” என்கிறார்.

புது உறுப்பினர்:
என்ஹெச் 35-க்குக் கறுப்புத் தேதிச் சக்கரம் தனியாக எங்கே கிடைக்கும்? யாராவது சொல்லுங்களேன்.