அப்பாவுக்கு மீசை, தாடி ஒதுக்க எந்த ட்ரிம்மர் வாங்கலாம்?

கேள்வி:
பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கை சரியா வரல. தாடி மீசையெல்லாம் நான்தான் ஒதுக்கிவிடுறேன். ஒரு கன்னம் ஒட்ட, இன்னொரு கன்னம் புதர்னு ஆயிடுது. மீசை விஷயத்துல அவர் ரொம்பக் கறார். வேற ட்ரிம்மர் வாங்கணுமா?

பதில் 1:
சலூன் வச்சிருக்கேன் தம்பி. மெஷினை மாத்த வேண்டாம். ஈர முடி நீளமாத் தெரியும், காய்ஞ்சதும் ஏறிடும். அதனால குளிக்கிறதுக்கு முன்னாடியே வாரிவிட்டு வெட்டுங்க. முதல்ல 7 மி.மீ. சீப்பு மாட்டி, முடி வளர்ற திசைக்கு எதிரா ஓட்டுங்க. அப்புறம் 5க்கு இறங்கலாம். தாடையில சுழி இருந்தா அங்க மட்டும் நாலு பக்கமிருந்தும் ஓட்டணும். புதர் மாதிரி நிக்கிறது பெரும்பாலும் அந்த இடம்தான். மீசைக்குச் சின்னக் கத்தரிக்கோலும் பல் நெருக்கமான சீப்பும் போதும். வாயை மூடியிருக்கும்போது, நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போங்க. உதடு ஒரு பக்கம் இறங்கியிருந்தா உதட்டோரத்தை வச்சு அளக்காதீங்க, மீசை கோணிடும்.

பதில் 2:
ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா? அப்போ கழுத்துக்கு பிளேடு போடாதீங்க. சின்னக் கீறலுக்கே ரத்தம் நிக்க நேரமாகும்.

கேள்வி கேட்டவர்:
ஆமாங்க, சாப்பிடுறார். பிளேடை இன்னைக்கே எடுத்து வச்சிடுறேன். அண்ணே, தாடையில சுழி இருக்கு, இப்பத்தான் தடவிப் பார்த்தேன்.